ஏதாவது ஒன்று போதும்

கல்யாணப் பதிவு அலுவலகத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டர், மாதத்தின் இரண்டாம் தேதி காலை பத்தே காலுக்கு உயிரை விட்டது. பதினோரு வருஷம் உழைத்த கம்ப்யூட்டர். ஒரு தடவை விசில் அடித்தது, லேசாகக் கருகல் வாசனை விட்டது, அவ்வளவுதான். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைப் பையன் எட்டிப் பார்த்தான்.

"சார், இப்ப எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

பதிவுக்காரர் நிதானமாக யோசித்துப் பதில் சொன்னார். "பாதி ஆயிருக்கு தம்பி. மீதியை அடுத்த வாரம் வந்து முடிச்சுக்கங்க."

அந்தப் பாதி தன்னுடையதா, அவனுடையதா என்று பெண் கேட்டாள்.

பதிவுக்காரருக்கு வயது ஐம்பத்தொன்று. செருப்புக்கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை அலுவலகம். அங்கே இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நாலாயிரத்துச் சொச்சம் ஜோடிகளைச் சேர்த்து வைத்தவர். தனக்கு மட்டும் இன்னும் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், ஆபீஸ் நேரத்தில் சொந்த வேலை பார்க்கக் கூடாது என்பார்.

அறையில் மூன்று பெஞ்சு, ஒரு சுவர் ஃபேன், ஒரு பிரிண்டர். சுவரில் நீல பெயிண்டில் இரண்டு விதிகள் எழுதியிருக்கும். ஒன்று: திருமணப் பதிவு உள்ள எந்தப் பொருளும் இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. இரண்டு: இங்கே சேர்த்து வைக்க மட்டுமே அதிகாரம் உண்டு, பிரிக்க வேண்டுவோர் நீதிமன்றம் செல்லவும். மாதத்துக்கு ஒரு ஜோடியாவது சண்டை போட்டுக்கொண்டு படியேறி வந்து, "எங்க பதிவை அழிச்சிடுங்க சார்" என்று நிற்கும். பதிவுக்காரர் வாயே திறக்காமல் இரண்டாவது விதியைக் கை காட்டுவார். படித்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கோபம் ஆறிவிடும்.

முதல் விதி காகிதப் பதிவேடு காலத்தில் எழுதியது. காகிதம் ஒழிந்து இரண்டு வருஷம் ஆகிறது. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பதிவுக்காரரும் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டார். ஆனால் விதி விதிதான். உள்ளே பதிவுகள் இருக்கிற காரணத்தால், செத்துப்போன கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கூட வெளியே கொண்டுபோக முடியாது. அது மேஜை மேலேயே இருந்தது. தினமும் சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்கு நகல் போய்விடும் என்பதால் பழைய கல்யாணங்களுக்கு ஒன்றும் ஆபத்து இல்லை. புதிதாகத்தான் யாருக்கும் ஆகாது.

அதில்தான் பதிவுக்காரருக்குச் சிக்கல். வரிசையில் இருந்த கல்யாணங்களில் ஒன்று, அவருடைய சொந்த அக்கா மகளுடையது.

அவளை அவர் வாலு என்றுதான் கூப்பிடுவார். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கிரேன் மாப்பிள்ளை என்றே வீட்டில் பெயர். அவனுக்கு வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் இரண்டு வருஷ வேலை கிடைத்திருந்தது. இருபத்தாறாம் தேதி விமானம். இருபத்தைந்தாம் தேதிக்குள் பதிவுச் சான்றிதழைக் காட்டினால் மனைவியையும் கூட்டிப் போகலாம். காட்டாவிட்டால் அவன் மட்டும் போக வேண்டும். அவள் இரண்டு வருஷம் இங்கே காத்திருக்க வேண்டும். பெண் குடியிருக்கும் வட்டாரத்து அலுவலகத்தில்தான் பதிய முடியும். அது மாமாவின் அலுவலகம்தான். சொந்தக் கம்ப்யூட்டரில் பதியலாமா என்றால், தலைமை அலுவலகம் கொடுத்த கருவியைத் தவிர வேறெதையும் இணைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது.

பதிவுக்காரர் தலைமை அலுவலக ஸ்டோருக்குப் போன் போட்டார். ஸ்டோர்காரர் நல்ல மனுஷன்.

"ரெண்டு இருக்கு சார். ஒண்ணு புத்தம் புதுசு, மினி லேப்டாப், சிக்கன ரகம். பெட்டியே இன்னும் பிரிக்கல. இன்னொண்ணு பழசு. மூடிப்போன ஒரு ஆபீஸ்ல ஆறு வருஷம் ஓடினது. கனம் ஜாஸ்தி, ஆனா நல்ல உழைப்பாளி. எது வேணும்னு எழுதிக் குடுங்க, நாளைக்கே அனுப்பிடறேன்."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு பழசைக் கேளுங்க மாமா" என்றாள் வாலு. "அந்த மினியில மெமரி கொஞ்சூண்டுதான். மேல ஏத்தவும் முடியாது, உள்ளேயே ஒட்டி வச்சிருப்பான். கீபோர்டுல உங்க ஒரு விரலுக்கு மூணு கீ அமுங்கும். பழசுல பேட்டரி மட்டும் போயிருக்கும். ப்ளக்குல சொருகினா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்."

"கல்யாண காரியத்துக்கு யாராவது பழசைக் கொண்டு வந்து வைப்பாங்களா?" என்றாள் அக்கா. "பேசாம புதுசைக் கேளுடா. வாரண்டியாவது இருக்கும்."

"அம்மா, வாரண்டியை வச்சு டைப் அடிக்க முடியாது."

"உங்கிட்ட கேட்டேனாடி?"

பதிவுக்காரர் தம் வாழ்நாளில் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வாலுவை எதிர்த்துப் பேசி ஜெயித்ததும் இல்லை. ஆகவே மறுநாள் கோரிக்கைக் கடிதத்தில் இருவர் மனமும் நோகாதபடி ஒரு வரி எழுதினார்: "மேற்படி இரண்டில் ஏதாவது ஒன்று கொடுத்தால் போதும்."

ஸ்டோர்காரர் போனில் கிட்டத்தட்ட அழுதார். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க! எது வேணும்னு எழுதியிருந்தா நானே குடுத்திருப்பேன். ஏதாவதுன்னு எழுதிட்டீங்களே. எதுன்னு முடிவு பண்ற அதிகாரம் எனக்குக் கிடையாது. ஃபைல் ஒப்புநோக்கு வாரியத்துக்குப் போயிடுச்சு."

"வேற கடிதம் குடுத்துடறேனே?"

"வாரியத்துக்குள்ள போன ஃபைலுக்கு மேல வேற கடிதம் வச்சா, அப்புறம் ரெண்டு கடிதத்துல எது சிறந்ததுன்னு ஒப்பிடுவாங்க சார். வேண்டாம், விட்டுடுங்க."

ஒன்பதாம் தேதி வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு பொருள்களில் எது நல்லது என்று தீர்மானிப்பதற்காகவே ஏற்பட்ட வாரியம் அது. மூன்று மாடிக் கட்டடம். வாசலில் இரண்டு நுழைவாயில்கள் இருந்தன. எந்த வாயில் சிறந்தது என்று இன்னும் முடிவாகாததால் இரண்டையும் பூட்டி, பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்ட் வழியாக ஆட்களை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் இரண்டு ஃபேக்ஸ் மெஷின்கள், மாலை போடாத குறையாக உட்கார்ந்திருந்தன. வாரியத் தலைவரே பதிவுக்காரரைக் கூட்டிப்போய்க் காட்டினார். தலைவர் உயரமாக, வழுவழு முகத்தோடு, சலவை மடிப்புக் கலையாமல் இருந்தார்.

"எங்க முதல் கோப்பு சார் இது. ஒன்பது வருஷம் ஆகுது. ரெண்டுல எது நல்லதுன்னு இன்னும் ஒப்பிட்டுக்கிட்டே இருக்கோம். மதிப்பெண் பக்கத்துல பக்கத்துல வருது. நெருக்கமான போட்டி!"

"இப்பல்லாம் ஃபேக்ஸ் யாரும் அனுப்பறதில்லையே ஐயா?"

"அதனாலதான் அவசரமில்லாம நிதானமா பண்ண முடியுது" என்றார் தலைவர்.

கூட்டம் மாடியில் நடந்தது. தலைவரைத் தவிர இன்னும் இரண்டு பேர்: எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் செயலாளர் அம்மா, எதையும் தொட்டுப் பார்க்காத தொழில்நுட்ப உறுப்பினர். நீள மேஜையின் ஒரு கோடியில் மினி லேப்டாப் பெட்டியோடு இருந்தது. மறுகோடியில் பழைய லேப்டாப், மூலை தேய்ந்து, மூடியில் யாரோ என்றைக்கோ ஒட்டிய வாழைப்பழ ஸ்டிக்கரோடு இருந்தது.

தலைவருக்கு ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்திருந்தால் நம்மைப் போலப் பேசுவார். எழுந்து நின்றால் மேடைத் தமிழ் வந்துவிடும். எழுந்தார்.

"பெரியோர்களே! இந்த வாரியம் தோன்றி ஒன்பது ஆண்டுகள் நிறைவுறுகின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரே ஒரு தவறான முடிவைக் கூட நாம் எடுத்ததில்லை என்பதைத் தலை நிமிர்ந்து சொல்வேன். மற்ற துறைகளைப் பாருங்கள். முடிவு எடுத்தார்கள், மாட்டிக்கொண்டார்கள். நாம் எடுக்கவில்லை, மாட்டிக்கொள்ளவுமில்லை. நாம் தேர்ந்தெடுத்த பொருள் கெட்டுப்போனதாக ஒரு புகார் உண்டா? ஒன்று காட்டுங்கள் பார்ப்போம்!"

யாராலும் காட்ட முடியவில்லை. கைதட்டினார்கள். பதிவுக்காரரும் தட்டினார், தட்டாவிட்டால் கோப்பு கீழே போய்விடுமோ என்று பயம்.

அப்புறம் செயலாளர் அம்மா கோரிக்கைக் கடிதத்தைப் படித்தார். 'ஏதாவது ஒன்று' என்ற இடம் வந்ததும் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். இசையில் லயித்தவர் முகம் மாதிரி இருந்தது.

"இந்த மாதிரி ஒரு கடிதம் எழுத இத்தனை வருஷத்துல யாருக்கும் மனசு வரல சார்" என்றார் உட்கார்ந்தபடி. "எல்லாரும் இது வேணும், அது வேணும்னு பிடிவாதமா எழுதி எங்க தொழிலையே கெடுக்கறாங்க. நீங்கதான் எங்களை நம்பியிருக்கீங்க."

"ஐயா, இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள கிடைச்சா நல்லா இருக்கும். எங்க அக்கா பொண்ணு கல்யாணம்..."

"கல்யாணம் வேகமா நடக்கும் சார். நியாயம் நிதானமாத்தான் நடக்கும்." தலைவர் தொழில்நுட்ப உறுப்பினரைப் பார்த்தார். "உங்க கருத்து?"

தொழில்நுட்ப உறுப்பினர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு. ரெண்டையும் இப்படியே ஒப்பிட்டா அநியாயம் சார். பழசுக்கு ஆறு வருஷ அனுபவம் இருக்கு, புதுசுக்கு இல்ல. புதுசுக்கு வாரண்டி இருக்கு, பழசுக்கு இல்ல. ரெண்டும் ஒரே வயசுல இருந்தாத்தான் ஒப்பிட முடியும்."

"அருமை! அப்ப புதுசைப் பழசாக்கணும்."

"அல்லது பழசைப் புதுசாக்கணும்" என்றார் செயலாளர் அம்மா குறித்துக்கொண்டே.

எது சரி என்று ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றொன்றுக்கு மனக்குறை ஏற்படும் என்பதால், இரண்டையும் செய்வது என்று ஒரு மனதாகத் தீர்மானித்தார்கள். பதிவுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மினி லேப்டாப்பை முதுமைப் பிரிவுக்கும் பழைய லேப்டாப்பைப் புதுமைப் பிரிவுக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதுமைப் பிரிவில் இரண்டு ஊழியர்கள் மினி லேப்டாப்பின் மூடியை ஒரு நாளைக்கு நானூறு தடவை திறந்து மூடினார்கள். ஒருவர் திறப்பார், மற்றவர் மூடுவார். நடுவே சாப்பாட்டு இடைவேளை. விரல் ரேகை படிவதற்காக எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட கையால் தொட வைத்தார்கள். விதிப்படி ஒரு தடவை டீ கொட்டினார்கள். அனுபவம் சேர வேண்டும் என்பதற்காகத் தலைவருடைய ஒன்பது வருஷத்து உரைகளையும் வீடியோவாக அதில் ஏற்றினார்கள். சிக்கன ரக மினிக்கு இருந்த இடமெல்லாம் அதிலேயே நிறைந்துபோனது.

புதுமைப் பிரிவில் நேர்மாறு. பழைய லேப்டாப்பைத் துடைத்தார்கள். வாழைப்பழ ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார்கள். பிளாஸ்டிக் உறை போட்டு, தெர்மோகோல் வைத்து, புது அட்டைப்பெட்டியில் அடைத்து அரக்கு வைத்தார்கள். ஆன் செய்து பார்த்தீர்களா என்று பதிவுக்காரர் போனில் கேட்டார். "ஆன் பண்ணினா மறுபடி பழசாயிடுமே சார்!" என்று அங்கிருந்தவர் பதறிப்போனார்.

இங்கே அலுவலகத்தில் ஜோடிகள் வந்து வந்து திரும்பின. பாதிக் கல்யாணம் ஆன பையன் தினமும் போன் செய்தான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது என்ன உறவு என்று வீட்டில் கேட்கிறார்களாம். அக்கா தினமும் சாயங்காலம் ஒரே கேள்வி கேட்டாள்.

"என்னடா ஆச்சு?"

"பழசு புதுசாயிட்டு இருக்குக்கா. புதுசு பழசாயிட்டு இருக்கு."

"உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

வாலு மட்டும் சிரித்துக்கொண்டே வளைய வந்தாள். ஆனால் பதினெட்டாம் தேதி, கிரேன் மாப்பிள்ளையின் பெட்டியில் அவனுடைய சட்டைகளை மட்டும் மடித்து வைத்துக்கொண்டிருந்ததை மாமா பார்த்துவிட்டார். அவளுடைய பெட்டி பரண் மேலேயே கிடந்தது. அந்த ஒரு வரியை எழுதிய கையை உடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பத்தொன்பதாம் தேதி இரண்டாவது கூட்டம். மேஜையின் ஒரு கோடியில் மினி, கறை படிந்து, கீல் ஆடி, வயதாகிக் கிடந்தது. மறுகோடியில் பழசு, அரக்கு முத்திரையோடு புதுப்பெட்டியில் இருந்தது. தலைவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் கவலை தெரிந்தது.

"ஏம்மா, இப்ப புதுசு பழசாயிடுச்சு. பழசு புதுசாயிடுச்சு. அப்ப மறுபடி ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுதானே?"

"ஆமா சார்" என்றார் செயலாளர் அம்மா.

தலைவர் எழுந்தார்.

"நீதி என்பது பாதியில் நிற்கும் பேருந்து அன்று! தொடங்கிய பணியை மீண்டும் தொடங்குவோம். இம்முறை மினியைப் புதுமைப் பிரிவுக்கும், மற்றதை முதுமைப் பிரிவுக்கும் அனுப்ப ஆணையிடுகிறேன். அடுத்த மாதம் பத்தாம் தேதி கூடுவோம்!"

பதிவுக்காரர் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் முதல் முறையாக அனுமதி கேட்காமல் எழுந்து நின்றார்.

"ஐயா! ரெண்டையும் வேலை செய்ய வச்சுப் பார்த்தீங்களா?"

செயலாளர் அம்மாவின் பேனா நின்றது.

"வேலை செய்ய வச்சா?" என்றார் தலைவர்.

"ஆமாங்க. ஆன் பண்ணி, பேரு அடிச்சு, ஒரு கல்யாணத்தைப் பதிஞ்சு பார்த்தா எது நல்லதுன்னு தெரிஞ்சிடும் இல்லீங்களா?"

தொழில்நுட்ப உறுப்பினர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இது புது முறை சார். ஒன்பது வருஷத்துல யாரும் யோசிக்கல. களச் சோதனைன்னு பேர் வைக்கலாம்."

தலைவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. இன்னொரு சோதனை என்றால் இன்னொரு கோப்பு. "பிரமாதம்! ஆனா சோதனைக்கு ஒரு மாதிரித் தம்பதி வேணுமே?"

"பொய்க் கல்யாணம் பதிஞ்சா சட்டப்படி குத்தம் ஐயா. நிஜ ஜோடியா இருக்கணும். எங்கிட்ட ஒரு ஜோடி தயாரா இருக்கு" என்றார் பதிவுக்காரர்.

இருபத்துநாலாம் தேதி காலை பத்து மணிக்கு வாரியம் மொத்தமும் செருப்புக்கடை மாடிப்படி ஏறி வந்தது. செயலாளர் அம்மா கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. வாலு புதுப் புடவையில், கைப்பையில் ஸ்க்ரூடிரைவரோடு வந்திருந்தாள். கிரேன் மாப்பிள்ளை அத்தனை உயரத்தில் உட்கார்ந்து கப்பல் கப்பலாகப் பெட்டி இறக்குகிறவன். இந்தச் சின்ன அறையில் கை கால் வைக்க இடம் தெரியாமல் வேர்த்துப்போய் நின்றான். அக்கா முதல் பெஞ்சில் உட்கார்ந்து தலைவரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

உடனே ஒரு சிக்கல். ஒரே ஜோடியை இரண்டு லேப்டாப்பிலும் பதிந்தால் இரண்டு கல்யாணம் ஆகிவிடும், அது குற்றம். ஒன்றில் மட்டும் பதிந்தால் மற்றதற்கு அநீதி.

"அப்ப பொண்ணு விவரம் ஒண்ணுல, மாப்பிள்ளை விவரம் இன்னொண்ணுல" என்று தீர்ப்பளித்தார் தலைவர். பெண் பழையதில், மாப்பிள்ளை மினியில் என்று சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள்.

மினியில் பதிவுக்காரர் மாப்பிள்ளையின் பெயரை அடித்தார். விரல் வைத்த இடத்தில் மூன்று எழுத்து விழுந்தது. வாலு பேனா முனையால் அடிக்கச் சொன்னாள். ஒரு வழியாகப் பெயர் முடிந்து சேமிக்கப் போனால், இடமில்லை என்றது மினி.

"உள்ள என்ன இருக்கு?" வாலு குனிந்து பார்த்தாள். "ஐயா உரைங்கதான் இருக்கு. ரெண்டு உரையை அழிச்சா மாப்பிள்ளை உள்ள போயிடுவாரு."

தலைவரின் முகம் வெளுத்தது. "எந்த ரெண்டு?"

"எதுவா இருந்தாலும் சரிங்க. ஏதாவது ரெண்டு."

தலைவர் யோசித்தார். முதலாம் ஆண்டு உரையா, மூன்றாம் ஆண்டு உரையா, எது சிறந்தது? உதடு அசைந்தது, நெற்றி சுருங்கியது. செயலாளர் அம்மாவின் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு நிமிஷம் ஆகியும் அவரால் முடியவில்லை. கிரேன் மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எல்லாத்தையும் என் பென் டிரைவுல போட்டுக் குடுத்துடறேங்க, ஒண்ணும் போகாது" என்று வாலு சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. கண்கலங்க அவளுக்கு நன்றி சொன்னார். மாப்பிள்ளை உள்ளே போனான்.

அடுத்தது பழசு. அரக்கை உடைத்தால் பழசாகிவிடும் என்று செயலாளர் அம்மா தடுத்தார். அக்கா எழுந்து வந்து, "தள்ளும்மா" என்று உடைத்துவிட்டாள். ப்ளக் வேண்டும், பேட்டரி வாலு சொன்னபடியே போயிருந்தது. கம்ப்யூட்டர் ப்ளக் அன்றைக்கே கருகிவிட்டது. பிரிண்டருக்குப் போக அறையில் வேலை செய்யும் ப்ளக் ஒன்றே ஒன்றுதான், அதில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேனா, லேப்டாப்பா என்று ஒப்பிட வாரியம் வாயைத் திறப்பதற்குள் பதிவுக்காரர் ஃபேனைப் பிடுங்கிவிட்டார். பழைய லேப்டாப் ஒரு முனகலோடு விழித்துக்கொண்டது. பெண்ணின் பெயரை அடித்தார். கீபோர்டு டக் டக்கென்று சொன்னபடி கேட்டது. நாலு நிமிஷத்தில் வாலு முழுசாக உள்ளே இருந்தாள்.

இரண்டு லேப்டாப்பையும் ஒரு கேபிளால் வாலு இணைத்தாள். எல்லார் மேலும் வேர்வை வழிந்தது. திரையில், மாப்பிள்ளையின் விவரமும் பெண்ணின் விவரமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. கீழே சாட்சிகள் என்று இரண்டு கோடு.

"ஐயா, சோதனைக்குச் சாட்சிக் கையெழுத்து வேணும்" என்றார் பதிவுக்காரர், பிரிண்டரிலிருந்து வந்த படிவத்தை நீட்டி.

தலைவர் பேனாவை எடுத்தார், தயங்கினார். "இதுல கையெழுத்துப் போட்டா முடிவு எடுத்த மாதிரி ஆகுமா?"

"இல்லீங்க. பார்த்தேன்னு சொல்ற மாதிரிதான்."

"பார்க்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல" என்று அழகாகக் கையெழுத்துப் போட்டார். தொழில்நுட்ப உறுப்பினரும் பார்த்ததாகப் போட்டார்.

பதிவுக்காரர் பட்டனை அமுக்கினார். பிரிண்டர் இருமி, இழுத்து, ஒரு சான்றிதழைத் துப்பியது. நாலாயிரத்துச் சொச்சம் தடவை பார்த்த அதே காகிதம்தான். ஆனால் இந்தத் தடவை பெயர் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாம் தண்ணீரில் மிதந்தது. அக்கா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள். வாலு சான்றிதழைப் பிடுங்கி மாப்பிள்ளையிடம் கொடுத்து, "பத்திரம்" என்றாள்.

"சோதனை முடிஞ்சது" என்றார் செயலாளர் அம்மா, ஸ்டாப்வாட்ச்சை அமுக்கி. "பதிவை அழிச்சிடுங்க. ரெண்டையும் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போகணும்."

பதிவுக்காரர் வாயே திறக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை காட்டுகிற மாதிரி சுவரைக் கை காட்டினார்.

தலைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீல எழுத்தைப் படித்தார். முதலில் இரண்டாவது விதி. அப்புறம் முதல் விதி. மேஜை மேல் இருபத்திரண்டு நாளாகச் செத்துக் கிடக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடி படித்தார். அவர் எதற்கு வளையாவிட்டாலும் எழுதி வைத்த விதிக்கு வளைகிற மனிதர்.

"அழிக்க முடியாது" என்றார்.

"முடியாதுங்க."

"வெளியேயும் போகக் கூடாது."

"கூடாதுங்க. ஒண்ணுல பொண்ணு இருக்கு, ஒண்ணுல மாப்பிள்ளை இருக்காரு."

தலைவர் எழுந்து நின்றார். எல்லாருக்கும் திக்கென்றது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

"அன்பர்களே! களச் சோதனை முடியவில்லை, இன்றுதான் தொடங்குகிறது. இவ்விரு கருவிகளும் இங்கேயே இருந்து, வரும் தம்பதிகள் அனைவரையும் பாதிப் பாதியாகப் பதிந்து, எது சிறந்தது என்று ஆண்டாண்டு காலம் ஒப்பிடப்படும்! முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன்!"

இந்தத் தடவை பதிவுக்காரர் மனசாரக் கை தட்டினார். கீழே படிக்கட்டில் பாதிக் கல்யாணப் பையனும் அவனுடைய பெண்ணும் நின்றிருந்தார்கள். மேலே கூப்பிட்டு அவர்களுக்கும் மீதியை முடித்து அனுப்பினார். பெண் படியிறங்கும்போது, "முழுசா ஆயிடுச்சா சார்?" என்று மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

இருபத்தாறாம் தேதி விமானத்தில் இரண்டு பேர் போனார்கள். வாலுவின் பெட்டியைப் பரணிலிருந்து மாமாதான் இறக்கிக் கொடுத்தார்.

வாரியத்திலிருந்து மாதா மாதம் ஒரு படிவம் வரும். அதில் ஒரே கேள்வி: 'இரு கருவிகளில் தாங்கள் பரிந்துரைப்பது எது?' பதிவுக்காரருக்கு இப்போது தெளிவாகத் தெரியும். பழசுதான் நல்லது, கீல் ஆடும் மினியை மெத்தை போட்டுத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் எழுதும்போது கை ஜாக்கிரதையாகிவிட்டது. பழசு என்று எழுதினால் மினியை எடுத்துப்போக ஆள் வரும். ஏதாவது ஒன்று என்று எழுதுகிற தப்பை இனிச் செய்யமாட்டார். இரண்டையும் இணைக்கும் கேபிளை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் அதே பதிலை எழுதி அனுப்புகிறார்:

"இரண்டும் சேர்ந்துவிட்டன. பிரித்து வைக்க எங்கள் அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை."